செவ்வாயை நகர்த்திய அரை மணி

“…தப்பாவே இருந்துட்டுப் போகட்டும் அண்ணே. உங்களுக்கு என்ன வந்துச்சு? அம்மா வர்றதுக்குள்ள, பழைய பேப்பர் மாதிரியே ஒண்ணு அடிச்சுக் குடுத்துடுங்க.”

அந்தப் பெண் இதை என்னிடம் கெஞ்சியும் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணிக்குச் சீனி குறைக்கச் சொல்கிற குரலில் சொன்னாள். எண்பதுகளின் பின்பாதி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்புகிற சாலையில் ஒரு ஜாதகக் கடை. மதியம் சாய்ந்து, மழைக்கு முன்னால் நம்ம ஊரில் ஒரு கறுப்பு வெளிச்சம் வருமே, அது சாலையில் இறங்கியிருந்தது. அவள் அம்மா முனைக் கடைக்குப் பூ வாங்கப் போயிருந்தார். கடையிலிருந்த கம்ப்யூட்டர் திரையில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி நின்றது: ‘செவ்வாய் தோஷம் இல்லை.’

கல்யாணத்துக்கு நிற்கிற வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த வரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். இவள் அதை இல்லாமல் ஆக்கச் சொன்னாள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், அந்த மிஷின் அந்தக் கடைக்கு வந்த கதையிலிருந்து வர வேண்டும்.

நான் கல்லூரியில் படித்துப் புரோகிராமர் ஆனவன் இல்லை. பக்கத்தில் நின்று ஆனவன். எழுபதுகளில் கோலாலம்பூரில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் கம்ப்யூட்டர் படிக்கிற அட்டையில் ஓட்டை குத்துகிற வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் என்றால் அப்போது ஒரு முழு அறை. அந்த அறைக்கு ஏர்கான், எங்களுக்குக் காற்றாடி. என்னோடு அட்டை குத்திய கிள்ளான் அக்கா ஒருவர் இருந்தார். “மிஷினுக்கு வேர்க்கக் கூடாது, நமக்குச் சளி பிடிக்கக் கூடாது. ரெண்டுல எது நடந்தாலும் திட்டு நமக்குத்தான்” என்பார். வேலை நேரம் முடிந்ததும் இன்ஜினியர்கள் போட்டுவிட்டுப் போன கனத்த புத்தகங்களை எடுத்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். புரியாததை மிஷினிடமே கேட்டேன். அது தப்பு என்று மட்டும் சொல்லும், ஏன் தப்பு என்று சொல்லாது. என் முதல் முதலாளியும் அப்படித்தான் என்பதால் எனக்குப் பழகிப்போயிற்று.

அந்த ஆபீஸ் கவுண்டரில் ஒன்று பார்த்தேன். பேனாவால் எழுதிய பதிலைக் கொடுத்தால் வந்தவர் சண்டை பிடிப்பார். “யார் எழுதினது? கூப்பிடு அவனை” என்பார். அதே பதிலை ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத்தாளில் அடித்துக் கொடுத்தால் வாயைத் திறக்க மாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பார், தலையை ஆட்டுவார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். அந்தத் தாளுக்கு உள்ளே இருந்தது என்னைப் போல ஒருவன் எழுதிய கணக்குதான். கூப்பிட ஓர் ஆள் இருந்தான், யாரும் கூப்பிடவில்லை. முதலில் எனக்கு அது பெருமையாக இருந்தது. பிறகு, ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தால் வருமே, அந்த மாதிரி ஒரு பயம் வந்தது. இன்னும் போகவில்லை.

எண்பதுகளில் மேசை மேல் வைக்கிற கம்ப்யூட்டர் வந்தது. அறை போய், பெட்டி ஆயிற்று. பெட்டியாக ஆனதும் எல்லாக் கடைக்கும் வந்துவிட்டது. கிள்ளானில் லோரி கம்பெனிக்கு ஒன்று, பங்சாரில் டாக்டர் கிளினிக்குக்கு ஒன்று. விற்கிறவர்கள் டை கட்டிக்கொண்டு வருவார்கள், பொத்தானைத் தட்டிப் படம் காட்டுவார்கள், ஜோஹூர் பாருவில் இன்னொரு வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று போய்விடுவார்கள். பிறகு கோளாறு வந்தால் என்னைப் போன்றவன் சனி ஞாயிறில் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் விற்கிறவனுக்குக் கை நீளம், காது சின்னது. நாற்பது மாடிக் கட்டடத்தில் இருக்கிறவனுக்கும் சரி, தோளில் பை மாட்டி அலைகிறவனுக்கும் சரி, இது ஒன்றுதான் ஒற்றுமை.

பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் அதற்கு முன் பாஸ்போர்ட் படமும் போட்டோஸ்டாட்டும் எடுத்துக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். மெட்ராஸில் ஜாதகம் கணிக்கிற புரோகிராம் ஒன்று கிளம்பி, அதை இங்கே ஒருவர் பிளாப்பித் தட்டில் கொண்டுவந்து இவர் தலையில் கட்டினார். வாசலில் பலகை ஏறியது: ‘கம்ப்யூட்டர் ஜாதகம், பொருத்தம், உடனடி.’ பிரிண்டர் கரகரவென்று அடிக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். பக்கத்துப் பார்வையற்றோர் சங்கத்துக்குக் கைத்தடி தட்டிப் போகிற அண்ணன்மார் கூட நின்று, “என்ன பாஸ், யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளை பெற்றவர்கள், பெண் பார்க்கிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் என்று பெஞ்சு நிறைந்திருக்கும்.

கடைக்காரர் ஒரு நாள் கிராம்பை மென்றுகொண்டே சொன்னார்: “தம்பி, ஜோசியர் கிட்ட போனா, கூட ஒண்ணு குறைச்சு ஒண்ணு பேசிச் சரி பண்ணிக்கலாம்னு ஜனங்களுக்குத் தெரியும். இதுகிட்ட முடியாதுல்ல? மனுசன் எழுதினா மனுசன் தப்பு. மிஷின் எழுதினா விதி.”

நான் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்த வாசகம் என்னோடு உட்கார்ந்து வந்தது. பலர் சொன்ன வாசகங்களை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். பல வெறும் ருசிக்கு. இது ஒன்று மட்டும் நாள் ஆக ஆகக் கசந்தது.

கோளாறைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பென்ஷன் வாங்கின யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை, கடைக்குள் வந்து தாளை மேசையில் வைத்தார். கடைக்காரர் என்னை அன்றைக்குத்தான் பிரிண்டர் ரிப்பன் மாட்டக் கூப்பிட்டிருந்தார்.

“தம்பி, என்ர லக்கினம் எப்ப மாறினது?”

“என்ன ஐயா?”

“நான் பிறந்தது கன்னி லக்கினத்தில. அப்பாவே கணிச்சுக் கையால எழுதி வச்சவர். உங்கட மிஷின் சிம்மம் எண்டு அடிச்சுத் தந்திருக்கு. ஒண்டில் நான் மாறியிருக்க வேணும், இல்லாட்டி அது பிழைச்சிருக்க வேணும். நான் மாறேல்லை எண்டு வீட்டில நெடுக முறைப்பாடு.”

“சிம்மம் சிங்கம் ஐயா, நல்லதுதானே?” என்றார் கடைக்காரர்.

“வீட்டில ஏற்கெனவே ஒரு சிங்கம் இருக்கு. ரெண்டுக்கு இடமில்லை.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் புரோகிராமைத் திறந்தேன். ‘பேசிக்’ என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது, வரி வரியாகப் படிக்கலாம். எழுதியவர் இந்தியாவுக்கு எழுதியிருந்தார். பிறந்த நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்ற இந்தியாவுக்கு உரிய ஐந்தரை மணியைக் கழித்திருந்தார். இங்கே கொண்டுவந்து விற்றவர் அந்த ஒரே வரியைத் தொட்டு, மலேசியாவுக்கு எட்டு மணி என்று போட்டுவிட்டார். இன்றைய கடிகாரத்துக்கு எட்டு சரி. ஆனால் இந்த நாட்டில் நாம் எல்லாரும் சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினோமே, எண்பத்திரண்டாம் ஆண்டுப் பிறப்பில், கடலுக்கு அப்பாலிருக்கிற சபா சரவாக் மாநிலங்களோடு ஒரே மணியாக இருக்கட்டும் என்று! அதற்கு முன் பிறந்தவர்களுக்கு எட்டு இல்லை, ஏழரை. ஐயா பிறந்த காலத்தில் அதுவும் இல்லை, இன்னும் குறைவு. நடுவில் ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ மணி. எவன் ஆள வந்தாலும் இங்கே முதலில் தொட்டது சுவர்க் கடிகாரத்தைத்தான்.

கடைக்கு ஜாதகம் கேட்டு வந்த கல்யாண வயசுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பழைய மணியில் பிறந்தவர்கள். மிஷின் அவர்கள் எல்லாரையும் அரை மணி முன்னதாகப் பிறக்க வைத்திருந்தது.

பிறக்கும்போது கிழக்கே எழுகிற ராசிதான் லக்கினம். ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒன்றாக அது மாறிக்கொண்டே இருக்கும். அரை மணி பிசகினால் நாலில் ஒருவருக்கு லக்கினமே வேறு. லக்கினம் வேறானால் எல்லாக் கிரகமும் ஒரு வீடு தள்ளி உட்காரும். எனக்கு ஜோசியத்தில் பெரிய பிடிப்பு இல்லை. ஆனாலும் கணக்கு கணக்குத்தான். கடவுளுக்குப் போட்டாலும் கடைக்குப் போட்டாலும் கூட்டல் கூட்டலாக வர வேண்டும்.

கைக்கணக்குப் போடுகிற ஜோசியர்கள் அப்போதெல்லாம், “பழைய மணியா, புது மணியா?” என்று வாய் தவறாமல் கேட்பார்கள். தாய்க்காரி யோசித்துச் சொல்லுவாள். மிஷின் கேட்கவில்லை. அதற்குக் கேட்கச் சொல்லி யாரும் கொடுக்கவில்லை. ஜனங்களும், இவ்வளவு பெரிய மிஷின், தெரியாமலா இருக்கும் என்று சொல்லாமல் விட்டார்கள். ஒருவர் கேட்காமலும் ஒருவர் சொல்லாமலும் இருக்கிற இடத்தில்தான் என் தொழிலின் பெரிய விபத்துகள் எல்லாம் நடக்கின்றன. பின்னால் தொண்ணூறுகளில் வேறு வேறு ஆபீஸ்களில், வேறு வேறு பெரிய பெட்டிகளில் இதையே பார்த்தேன். அங்கே ராசிச் சக்கரம் இல்லை, அவ்வளவுதான்.

விற்றவருக்குப் போன் போட்டோம். “பாஸ், அது மெட்ராஸ்காரன் எழுதினது. அவனைக் கேளுங்க லா” என்றார். மெட்ராஸில் யாரைக் கேட்பது என்று கேட்டோம். போன் வைக்கப்பட்டுவிட்டது.

“நான் திருத்துறேன் அண்ணே,” என்றேன். “தேதியைப் பார்த்து மணியை எடுத்துக்கிற மாதிரி பண்ணிடலாம். ஆனா ஏற்கெனவே வாங்கிட்டுப் போனவங்களுக்கு?”

கடைக்காரர் வெளியே பார்த்தார். பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார்.

“திருத்து. ஆனா மேளம் அடிக்காதே. புதுசா வர்றவங்களுக்குப் புதுத் தட்டு. பழைய ஆள் திரும்பி வந்தா, பழைய தட்டைப் போட்டு அதே மாதிரி அடிச்சுக் குடுத்துடுவோம். பழைய ஆளுக்குப் பழைய விதி, புது ஆளுக்குப் புது விதி. என்ன சொல்றே?”

அவர் கெட்டவர் இல்லை. கல்யாணம் முடிந்து பிள்ளை பெற்றுவிட்டவர்களைக் கூப்பிட்டு, உங்கள் பொருத்தம் பொய் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் அவர் பயம். அது எனக்கும் தெரிந்தது. ஆனால் ஒரே நாளில் ஒரே நேரத்தில் பிறந்த இரண்டு பேருக்கு ஒரே கடையில் இரண்டு வானமா? அன்றைக்கே திருத்தினேன், சரிபார்த்தேன். பழைய தட்டு ஒவ்வொன்றிலும் புதியதை ஏற்றிப் பழையதை அழித்தேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. “பாம்பு போன பொந்தை அடைச்சிருக்கே தம்பி,” என்றார். “பாம்பு உள்ளே இருக்கா, வெளியே இருக்கான்னு பார்த்தியா?”

அடுத்த வாரம், திருத்தியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க நான் போயிருந்தபோதுதான் அந்தத் தாயும் மகளும் வந்தார்கள்.

தாயைக் கடையில் எல்லாருக்கும் தெரியும். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டி, தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றதும் கம்போங் மேடானுக்குக் குடிவந்தவர். மெலிந்த உடம்பு, பெரிய குரல். மகள் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், ஒரு பெருவிரல் நகமளவு சில்லுகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கடையில்தான் அவளுக்கு ஜாதகம் எடுத்தார்கள். ஏழாம் வீட்டில் செவ்வாய் என்று வந்தது. கல்யாணத்துக்கு உரிய வீட்டிலேயே செவ்வாய். தோஷம் உள்ள பெண்ணைத் தோஷம் இல்லாதவனுக்குக் கொடுத்தால் அவனுக்கு ஆகாது, தோஷம் உள்ளவனுக்குத் தோஷம் இல்லாதவளைக் கொடுத்தால் அவளுக்கு ஆகாது, இருவருக்கும் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துப் போகும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. அந்தத் தாளைப் பார்த்தே வந்த இடங்கள் எல்லாம் போயின. கடைசியில் அதே தோஷம் உள்ள ஒரு மாப்பிள்ளை கிடைத்தான். தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டுகிறவன். நிச்சயம் ஆயிற்று. முகூர்த்த நாள் குறிக்க, மாப்பிள்ளை வீட்டில் புதுத் தாள் கேட்டார்கள். பழையது மடிப்பில் கிழிந்துவிட்டதாம்.

“கம்ப்யூட்டர் இருக்கிறதால ஆச்சு தம்பி,” என்றார் தாய் என்னிடம். “இல்லாட்டி எவனோ வாயால சொன்னதை நம்பி, இந்தப் புள்ளைய எந்தக் குழியில தள்ளியிருப்பேனோ. நீங்க அடிச்சு வைங்க, நான் போயிப் பூ வாங்கிட்டு வந்துடறேன். மழ வருது.”

கடைக்காரர் கவுண்டரில் படத்துக்கு ஒருவரை உட்கார வைத்துக்கொண்டிருந்தார். நான் அவள் பிறந்த தேதியையும் ஊரையும் தட்டினேன். நேரம் விடியற்காலை ஆறே கால். தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூடிப் பேர் கூப்பிட்டுக் கலைந்த நேரம் என்று தோட்ட ஆஸ்பத்திரி டிரஸர் குறித்துக் கொடுத்தது. பழைய மணி. திரை ஒரு முறை இருண்டு எழுந்தது. லக்கினம் அடுத்த ராசிக்குப் போயிருந்தது. ஏழில் இருந்த செவ்வாய் ஆறில் இருந்தது. கீழே அந்த வரி: தோஷம் இல்லை.

எனக்கு மனசு துள்ளியது. நல்ல செய்தி சொல்லக் கிடைப்பது எங்கள் தொழிலில் அபூர்வம். விஷயத்தைச் சொன்னேன். கடிகாரம் மாறியதை, விற்றவர் கவனிக்காததை, நான் திருத்தியதை. “உனக்குத் தோஷமே இல்லம்மா. ஒரு நாளும் இருந்ததில்ல” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

“அவங்களுக்கு?”

“யாருக்கு?”

“தெலுக் பங்லிமா காராங்காரருக்கு. அவரு பேப்பரும் இங்கதான் எடுத்தாங்க. அவருக்கும் போயிருக்கும்ல?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருவருக்கும் போய்விட்டால் ஒரு தொல்லையும் இல்லை. பொருத்தம் பார்த்தபோது அவன் விவரத்தையும் மிஷினில் வைத்திருந்தார்கள். அதைத் திரைக்கு வரவழைத்தேன். ஜோசியத்தை நம்பாதவன், வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன். அவனும் பழைய மணிக்காரன், அவனுக்கும் லக்கினம் மாறியது. முன்பு எட்டாம் வீட்டில் இருந்த செவ்வாய் இப்போது ஏழில் இருந்தது. அதுவும் தோஷம்தான். போகவில்லை, ஒரு வீடு கிட்டே வந்திருந்தது.

வெளியே எங்கோ இடி உருண்டது. ஸ்டெபிலைசர் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டது.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவாங்க,” என்றாள். “சுத்த ஜாதகத்தைச் செவ்வாய்க்காரனுக்குக் குடுத்தா என் உசுரு தங்காதுன்னு சொல்வாங்க. செவ்வாய்க்காரனைக் கட்டிச் செத்துப்போன எங்க சித்தி கதையைச் சொல்லுவாங்க. கல்யாணம் நின்னுடும்.”

“நிக்கட்டும்மா. வேற நல்ல இடம் வரும். இனி எந்தத் தடையும் இல்லயே உனக்கு?”

“மூணு வருஷம் அண்ணே,” என்றாள். “பேப்பரைப் பிரிப்பாங்க, மடிப்பாங்க, தேத்தண்ணியைக் குடிச்சு முடிக்காமயே எந்திரிப்பாங்க. லைன்ல கூட வேலை செய்றவங்க செவ்வாய்னே கூப்பிடுவாங்க. செவ்வாய்க் கிழமைன்னா ஓவர்டைம் எனக்குத்தான்னு கிண்டல். அத்தனையும் பொய்னு இப்பச் சொல்றீங்க. சரி. இவரு ஒருத்தருதான் அந்தப் பேப்பரைப் பார்த்துட்டு, ‘எனக்கும் இருக்கு, நீயும் நானும் ஒரே லோரி’ன்னு சொன்னவரு. அவர விட்டுட்டு நான் எந்த நல்ல இடத்துக்குக் காத்திருக்கணும்?”

சும்மா ஒன்றைக் கேட்டேன்: “நீ இதையெல்லாம் நம்பலயாமா?”

“நம்பறேன் அண்ணே.” உடனே சொன்னாள். “நம்பறதாலதான் அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்றேன்.”

அவளுக்கு நம்பிக்கை இல்லை என்றால் இது ஒரு தாள், ஒரு சடங்கு, போகட்டும். நம்பினாள். அந்தச் செவ்வாய் தன் உயிரை எடுக்கும் என்று நம்பிக்கொண்டே, அதன் வீட்டுக்குள் போகக் கதவைத் திறக்கச் சொன்னாள். அப்போதுதான், நான் இந்தப் பக்கங்களைத் தொடங்கிய அந்த வார்த்தைகளைச் சொன்னாள். தப்பாவே இருந்துட்டுப் போகட்டும், பழைய பேப்பர் மாதிரியே ஒண்ணு அடிச்சுக் குடுங்க.

“முடியாதும்மா. பழைய தட்டையெல்லாம் அழிச்சிட்டேன். இப்ப இது சரியாத்தான் போடும். தப்பாப் போடத் தெரியாது.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

படம் எடுக்க வந்தவர் போயிருந்தார். கடைக்காரர் திரும்பி எங்களைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தே அவருக்கு விஷயம் பிடிபட்டிருக்க வேண்டும். கிராம்பு மெல்வது நின்றிருந்தது. அவர் கிட்டே வராமல் கவுண்டரைத் துடைக்கத் தொடங்கினார்.

அவள் விசைப்பலகையைப் பார்த்தாள்.

“எங்க ஃபேக்டரியிலயும் இப்ப இது மாதிரி மிஷின் போட்டிருக்காங்க,” என்றாள். “ஒவ்வொரு தட்டுச் சில்லுக்கும் அளவு தட்டணும். சரியான அளவுன்னா பச்சை லைட் எரியும். இல்லாட்டி சிவப்பு எரிஞ்சு லைன் நின்னுடும். லைன் நின்னா சூப்பர்வைசர் வந்து கத்துவாரு. அதனால யாரும் அளவு பார்க்கிறதில்ல அண்ணே. பச்சை எரியிற நம்பரைத் தட்டிட்டுப் போய்ட்டே இருப்போம். மிஷினுக்கும் சந்தோஷம், சூப்பர்வைசருக்கும் சந்தோஷம்.”

“அந்தச் சில்லு எங்கம்மா போகுது?”

“கார்லன்னு சொல்றாங்க. பிளேன்லன்னும் சொல்றாங்க. யாருக்குத் தெரியும்?”

அதைக் கேட்ட நாளிலிருந்து, எந்தப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தாலும், இதற்காக யார் எந்த நம்பரைத் தட்டினார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும். மிஷின் நம்மிடம் பொய் சொல்லிவிடுமோ என்றுதான் அதுவரை பயந்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பயம் சிறு பிள்ளைப் பயமாகிவிட்டது.

சாலையில் பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியது. முனையிலிருந்து தாய் ஓடி வருவது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. தலையில் செய்தித்தாளைப் பிடித்திருந்தார். பூப்பொட்டலத்தை நனையாமல் நெஞ்சோடு அணைத்திருந்தார்.

“மிஷின் என்னை எவ்வளவு நேரம் தள்ளி வச்சிருந்துச்சு?” என்று கேட்டாள்.

“அரை மணி.”

“முன்னாடியா, பின்னாடியா?”

சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றைக்கும் சில நாள் தோன்றும். ஆனால் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதானே அத்தனை தட்டையும் அழித்தேன்.

“முன்னாடி,” என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். என்னைக் கேட்கவில்லை. தொழிற்சாலையில் பழகிய விரல்கள், எழுத்தைத் தேடவில்லை. ஆறே காலை அழித்து அஞ்சே முக்கால் என்று தட்டினாள். திரை இருண்டு எழுந்தது. நான் சரிபார்த்து, திருத்தி, தப்பாப் போடத் தெரியாது என்று சொன்ன அந்தப் புரோகிராம், கொஞ்சமும் தயங்காமல் செவ்வாயைத் தூக்கி ஏழாம் வீட்டில் வைத்தது. அவள் அதைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். பிரிண்டர் பொத்தானை அழுத்தினாள். சத்தம் கிளம்பியதும் அதன் மூடியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுக்கிக்கொண்டாள், தூங்குகிற ஒன்றை எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

தாய் உள்ளே வந்து, கால் மிதியில் செருப்பைத் தேய்த்தார். “வந்துடுச்சா?”

அவள் தாளை ஓட்டை போட்ட ஓரத்தில் பிசிறில்லாமல் கிழித்து, இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தாள். தாய் மேலே இருந்த பிறந்த நேரத்தைப் பார்க்காமல், நேரே ஏழாம் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பூப்பொட்டலத்தைப் பிரித்தார். மகள் திரும்பி நின்று, அம்மாவின் கைக்கு எட்டுகிற மாதிரி தலையைக் குனிந்து கொடுத்தாள்.